ஒன்பது பின், மூன்று வயர்: ஒரு பழைய போனும் சீரியல் இணைப்பின் சமிக்ஞைக் கம்பிகளும்

அந்தப் போன் ஒரு பிஸ்கற் பேணிக்குள் இருந்தது. சுற்றியிருந்த துணி மட்டும் புதியது. 2007ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு பின்னேரம் வீட்டிலிருந்து வெளியே போன தம்பி திரும்பி வரவில்லை. போகும்போது போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதனால் போன் மிஞ்சியது. சுற்றிவளைப்புக்குப் பயந்து அந்தக் கிழமையே அதை நிறுத்தி, வீட்டின் பின்புறத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து எடுத்தபோது திரை போய்விட்டது.

அக்கா அதை மூன்று கடைகளுக்குக் கொண்டுபோயிருக்கிறார். மூன்றிலும் "செத்துப்போச்சு அக்கா, உதை விடுங்கோ" என்பதுதான் பதில். ஆனால் புதுப் பற்றறி போட்டு அழுத்தினால் பொத்தான்களுக்குக் கீழே வெளிச்சம் வருகிறது, ஒருமுறை அதிர்கிறது. செத்த போன் அதிராது என்பது அவரின் வாதம். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைப் பற்றி நான் எழுதிவருவதால் என்னை அவருக்குத் தெரியும். "நீர் மீடியா படிச்ச பிள்ளைதானே, உமக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று பேணியை என் கையில் தந்தார். நான் படித்தது ஊடகக் கற்கைகள். வயர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடந்த சில மாதங்களில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இப்படி ஒரு பேணி வேறு வீடுகளிலும் இருக்கும்.

இந்தக் காலத்துப் போன்களுக்கு யூ.எஸ்.பி. கேபிள் இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் வந்த பல நோக்கியா போன்களில் அது கிடையாது. பற்றறியைக் கழற்றினால் கீழே சிறிய தங்க நிறத் தொடுபுள்ளிகள் தெரியும். 3310 வகைப் போனில் அவை நான்கு. கணினி அந்தப் போனோடு பேசுவதற்கான வாசல் அதுதான். அதன் பெயர் எஃப்-பஸ். பெயர் எப்படியிருந்தாலும் உள்ளே நடப்பது மிகப் பழைய ஒரு முறை: சீரியல் தொடர்பாடல்.

சீரியல் என்றால் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக. ஓர் எழுத்து கணினிக்குள் எட்டு பிட் கொண்ட ஓர் எண். எட்டையும் எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்பலாம். பழைய பிரின்டர்களின் தடித்த கேபிள் அப்படித்தான் செய்தது. அல்லது ஒரே கம்பியில் ஒவ்வொரு பிட்டாக அனுப்பலாம். ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் வரிசையில் போவதுபோல. கம்பி குறைவு, செலவு குறைவு, தூரமும் கூடுதலாகப் போகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எட்டுப்பேர் வரிசையில் வந்தால் முதல் ஆள் யார் என்று மறுபக்கத்துக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் தொடக்க பிட் என்று ஒன்று இருக்கிறது. பேச எதுவும் இல்லாதபோது கம்பி 'ஒன்று' என்ற நிலையிலேயே நிற்கும். அது 'பூச்சியம்' நிலைக்கு விழுந்ததும், 'வருகிறது' என்று பொருள். அதன் பிறகு எட்டு பிட்கள், கடைசி எண்ணிலிருந்து தொடங்கி. முடிவில் கம்பி மீண்டும் 'ஒன்று' நிலைக்கு வந்து ஒரு கணம் நிற்கும். அது நிறுத்த பிட். ஆக எட்டு பிட் எழுத்துக்குப் பத்து பிட் பயணம்.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. வேகத்தை மட்டும் முன்கூட்டியே ஒத்துக்கொள்கிறார்கள். விநாடிக்கு 9600 பிட் என்றால் ஒரு பிட்டுக்கு விநாடியின் பத்து இலட்சத்தில் 104 பங்கு. கேட்கும் பக்கம் தொடக்க பிட் விழுந்த கணத்திலிருந்து தன் சொந்தக் கடிகாரத்தில் எண்ணி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் கம்பியைப் பார்க்கிறது. இரண்டு கடிகாரங்களும் சில சதவீதம் விலகினாலே போதும். பத்தாவது பிட்டுக்கு வரும்போது பக்கத்து பிட்டைப் படித்துவிடும். திரையில் குப்பையாக எழுத்துகள் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேகத்தைத்தான். குப்பை வருவது ஒரு வகையில் நல்ல செய்தி. கம்பி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஒரு கணக்கு. ஒரு தமிழ்க் குறுஞ்செய்தியில் 'அம்மா' என்ற சொல்லுக்கு ஐந்து குறியீடுகள்: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். ஒன்றுக்கு இரண்டு பைட். மொத்தம் பத்து பைட், கம்பியில் நூறு பிட். 9600 வேகத்தில் அது போய்ச்சேர விநாடியின் நூறில் ஒரு பங்குதான் ஆகும். (அந்தக் காலத்தில் யாரும் அப்படி அனுப்பவில்லை என்பது வேறு கதை. தமிழ் எழுத்தென்றால் ஒரு செய்திக்கு 70 குறியீடுகள்தான். ஆங்கில எழுத்தென்றால் 160. அதனால் எல்லோரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடித்தோம்.)

ஏன் ஒன்பது?

இதுவரை சொன்னதற்கு மூன்று கம்பிகள் போதும். அனுப்ப ஒன்று, பெற ஒன்று, இரண்டுக்கும் பொதுவான நிலம் ஒன்று. நிலக் கம்பியை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். வோல்ற் என்பது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கிடையிலான வித்தியாசம். பொதுவான நிலம் இல்லாவிட்டால் ஒருவருடைய 'ஒன்று' மற்றவருக்கு ஒன்றுமே இல்லை.

ஆனால் பழைய மேசைக் கணினியின் பின்புறத்தில் இருக்கும் சீரியல் வாசலில் ஒன்பது பின்கள் இருக்கும். அதற்கு முந்தியதில் இருபத்தைந்து. 1960இல் அமெரிக்காவின் இலத்திரனியல் கைத்தொழில் சங்கம் வெளியிட்ட ஆர்.எஸ்-232 என்ற தரநிலையிலிருந்து வருபவை இவை. நீண்ட காலம் நிலைத்த 'சி' வடிவம் 1969இல் வந்தது. 1984இல் ஐ.பி.எம். தன் கணினி ஒன்றில் இருபத்தைந்தை ஒன்பதாகக் குறைத்தது, மற்றவர்களும் பின்பற்றினார்கள்.

அந்த ஒன்பதில் தரவு போவது இரண்டில் மட்டும். இரண்டாம் பின்னில் கணினி கேட்கிறது, மூன்றாம் பின்னில் பேசுகிறது. ஐந்தாவது நிலம். மீதி ஆறும் ஒரு எழுத்தைக்கூடக் கொண்டுபோவதில்லை. அவை நிலையைச் சொல்பவை. ஒவ்வொன்றும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்லும்: நேர் வோல்ற் என்றால் ஆம், மறை வோல்ற் என்றால் இல்லை. தரவுக் கம்பிகளில் இது தலைகீழ்; அங்கே மறை வோல்ற்தான் 'ஒன்று'. இந்தத் தலைகீழை யார் எதற்காக வைத்தார்களோ, படிக்கத் தொடங்கும் எல்லோரும் இதில் ஒருமுறை தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன்.

இந்த ஆறு கம்பிகளையும் புரிந்துகொள்ள எனக்கு உதவியது மோடெம். சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்து நெற்கபேகளில் இருந்தவர்களுக்கு அந்தக் கீச்சுச் சத்தம் நினைவிருக்கும். கணினிக்கும் தொலைபேசிக் கம்பிக்கும் நடுவில் இருந்த பெட்டி அது. ஆர்.எஸ்-232 எழுதப்பட்டதே இந்த இரண்டுக்குமான பேச்சுவார்த்தைக்காகத்தான். ஒரு பக்கம் தரவின் சொந்தக்காரர், அதாவது கணினி. மறுபக்கம் அதைக் கொண்டுபோகிறவர், அதாவது மோடெம். கம்பிகளின் பெயர்கள் எல்லாம் கணினியின் பக்கத்திலிருந்து பார்த்து வைக்கப்பட்டவை. அதனால் 'அனுப்பும் கம்பி' என்று எழுதியிருக்கும் பின், மோடெமின் பக்கத்தில் கேட்கும் பின்.

கணினி விழித்ததும் நான்காம் பின்னை உயர்த்துகிறது. டி.ரி.ஆர். என்று பெயர், 'நான் இருக்கிறேன், ஆயத்தம்' என்பது பொருள். மோடெம் ஆறாம் பின்னில் பதில் சொல்கிறது, டி.எஸ்.ஆர்.: 'நானும் இருக்கிறேன்'. வெளியிலிருந்து அழைப்பு வந்தால் மோடெம் ஒன்பதாம் பின்னைத் துடிக்கவிடும், ஆர்.ஐ.; மணி அடிக்கும் தாளத்திலேயே அது ஏறி இறங்கும். தொலைவிலிருக்கும் மற்ற மோடெமின் ஓசை காதில் விழுந்ததும் முதலாம் பின் உயர்கிறது, டி.சி.டி.: 'மறுகரையில் ஆள் இருக்கிறார்'. அந்த ஓசை நின்றால் பின்னும் விழும். கணினி டி.ரி.ஆரைக் கைவிட்டால் மோடெம் அழைப்பைத் துண்டிக்கும். கணினி திடீரென்று நின்றுபோனாலும் தொலைபேசிக் கட்டணம் ஓடிக்கொண்டே இராதது இந்த ஒரு கம்பியால்தான்.

மிச்சம் இரண்டு: ஏழாம் பின் ஆர்.ரி.எஸ்., எட்டாம் பின் சி.ரி.எஸ். இவற்றின் கதை கொஞ்சம் விசித்திரம். தொடக்ககால மோடெம்கள் பலவற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம், வாக்கி-டோக்கி மாதிரி. பேச விரும்பும் கணினி ஆர்.ரி.எஸ்ஸை உயர்த்தி 'அனுப்பலாமா?' என்று கேட்கும். மோடெம் தன் ஓசையைத் தொடங்கி, கம்பி நிதானமானதும் சி.ரி.எஸ்ஸை உயர்த்தி 'அனுப்பு' என்று சொல்லும். பிறகு இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும் மோடெம்கள் வந்தன. அனுமதி கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. ஆனால் கம்பிகள் இருந்தன. ஆகவே அவற்றுக்கு வேறு வேலை கொடுத்தார்கள்: ஆர்.ரி.எஸ். என்பது 'நான் வாங்கிக்கொள்ளத் தயார்' என்று மாறிவிட்டது. பெயர் பழையது, பொருள் புதியது. கையேட்டில் ஒன்றையும் கருவியில் இன்னொன்றையும் பார்த்துத் திகைப்பவர்களின் திகைப்புக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இந்தப் புது வேலை அவசியமானது. வருகிற எழுத்துகளைப் பிடித்துவைக்கும் இடம் சிறியது. தொடக்ககாலக் கணினிகளின் சீரியல் சில்லு ஒரே ஓர் எழுத்தைத்தான் கையில் வைத்திருக்கும். கணினி அதை எடுக்கும் முன் அடுத்தது வந்தால் முந்தியது போய்விடும். பின்னர் வந்த 16550 என்ற சில்லுக்கு 16 எழுத்து இடம் இருந்தது. விநாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் 11,520 எழுத்துகள் வரும். 16 என்பது கண்மூடித் திறக்கும் நேரம்கூட இல்லை. ஆகவே நிரம்பும் முன் ஆர்.ரி.எஸ்ஸைக் கீழே இறக்கி 'பொறு' என்று சொல்லவேண்டும். இறக்கினால் மற்றவர் நிற்கிறார். உயர்த்தினால் தொடர்கிறார்.

கம்பியே இல்லாமலும் இதைச் செய்யலாம். தரவின் நடுவிலேயே 19 என்ற எண்ணை அனுப்பினால் 'நிறுத்து', 17 என்றால் 'தொடர்'. மூன்று கம்பிக் கேபிளில் இதுதான் வழி. ஆனால் படம் போன்ற கோப்பு ஒன்றுக்குள் இயல்பாகவே 19 என்ற எண் வந்துவிட்டால் இணைப்பு நடுவழியில் நின்றுவிடும். ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது.

பொய்ச் சம்மதம்

மோடெம் இல்லாமல் இரண்டு கணினிகளை நேராக இணைத்தால் என்ன நடக்கும்? இரண்டும் மூன்றாம் பின்னில் பேசும், இரண்டாம் பின்னில் கேட்கும். ஒருவருடைய வாய் மற்றவருடைய வாயோடு இணைந்திருக்கும். அதனால் கேபிளுக்குள் இரண்டையும் மூன்றையும் குறுக்காக மாற்ற வேண்டும். ஏழையும் எட்டையும் அதேபோல. ஒருவரின் நான்கை மற்றவரின் ஆறுக்கும் ஒன்றுக்கும் கொடுக்க வேண்டும். இந்தக் கேபிளுக்கு 'நல் மோடெம்' என்று பெயர். மோடெம் இருப்பதாக இரு பக்கத்தையும் நம்பவைக்கும் கேபிள்.

இன்னும் எளிய தந்திரமும் உண்டு. ஒரே பிளக்குக்குள் ஏழையும் எட்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. கணினி 'அனுப்பலாமா?' என்று கேட்கும். கேள்வியே திரும்பி வந்து 'அனுப்பு' என்று பதிலாகிவிடும். அதுபோல ஒன்று, நான்கு, ஆறு மூன்றையும் ஒன்றாகக் கட்டினால் 'யாராவது இருக்கிறீர்களா?' என்ற கேள்விக்கும் தானே பதில் கிடைத்துவிடும். மறுபக்கம் செத்துக் கிடந்தாலும் கணினி தொடர்ந்து அனுப்பிக்கொண்டேயிருக்கும். சின்ன வேலைகளுக்கு இது பரவாயில்லை. தரவு முக்கியமானால் ஆபத்து: எதுவும் தொலையவில்லை என்று கணினி நினைக்கும், தொலைந்துகொண்டிருக்கும்.

இவ்வளவும் எனக்குச் சொல்லித்தந்தவர் ரேடியோ, ரி.வி. திருத்தும் ஓர் அண்ணை. தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டுக் கைபழகியவர். கடையில் பாதி இடத்தைப் பழைய சாமான்கள் பிடித்திருக்கின்றன. நான் போனையும், இணையத்தில் வாங்கிய பழைய நோக்கியா கேபிளையும், ஒரு யூ.எஸ்.பி. அடாப்டரையும், என் மடிக்கணினியையும் கொண்டுபோனேன். இப்படியான போன்களைப் படிக்க 'கம்மு' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதை ஏற்கெனவே போட்டிருந்தேன். எத்தனை தடவை முயன்றாலும் ஒரே பதில்: போனிடமிருந்து சத்தமில்லை.

"குப்பையாவது வருதோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. ஒண்டுமே வரேல்லை."

"அப்ப வேகமில்லைப் பிரச்சினை. போனைத் தொடாதையும், முதலிலை கேபிளைப் பாப்பம்."

கம்பிகள் சமிக்ஞை சொல்வதற்கு மட்டுமல்ல என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். கணினியின் சீரியல் வாசல் பத்துப் பன்னிரண்டு வோல்ற் வரை, நேராகவும் மறையாகவும், வெளியிடும். போனின் தொடுபுள்ளிகள் தாங்குவது ஏறக்குறைய மூன்று வோல்ற். இரண்டையும் நேராக இணைத்தால் போன் எரிந்துவிடும். ஆகவே கேபிளின் நடுவில், தீப்பெட்டியளவு பிளாஸ்ரிக் வீக்கத்துக்குள், வோல்றை மாற்றும் ஒரு சிறிய சில்லு இருக்கிறது. அந்தச் சில்லுக்கு மின்சாரம் வேண்டும். சீரியல் வாசலில் மின்சாரத்துக்கென்று தனிப் பின் கிடையாது. அதனால் கேபிளைச் செய்தவர்கள் டி.ரி.ஆரிலிருந்து நேர் வோல்றையும், ஆர்.ரி.எஸ்ஸிலிருந்து மறை வோல்றையும் எடுத்துக்கொள்கிறார்கள். மென்பொருள் நான்காம் பின்னை உயர்த்தி ஏழாம் பின்னை இறக்கி வைக்கவேண்டும். அப்போதுதான் கேபிளுக்கு உயிர் வரும். 'ஆயத்தம்' என்று சொல்லப் பிறந்த கம்பி இங்கே சோறு போடுகிறது.

அண்ணை மீற்றரின் கறுப்புக் காலை ஐந்தாம் பின்னில் வைத்தார். சிவப்பை மூன்றில் வைத்தபோது மறை ஆறு வோல்ற். அது சரி, சும்மா நிற்கும் அனுப்பும் கம்பி மறையில்தான் இருக்கவேண்டும். நான்கில் வைத்தார்: பூச்சியம். ஏழில்: பூச்சியம். மென்பொருளை மீண்டும் ஓடவிட்டு வைத்தார். அப்போதும் பூச்சியம்.

அடாப்டரின் மூடியைத் திறந்தார். வெளியே ஒன்பது பின் அழகாக நிற்கிறது. உள்ளே மூன்றுக்குத்தான் வயர் ஒட்டப்பட்டிருந்தது: இரண்டு, மூன்று, ஐந்து. மற்ற ஆறும் வெறும் உலோகம்.

"பிள்ளை, போன் சாகேல்லை. கேபிளுக்குச் சாப்பாடு போகேல்லை. அவ்வளவுதான்."

இது எப்படி நடக்கிறது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். யூ.எஸ்.பி.யும் சீரியல்தான், அதன் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அதில் டி.ரி.ஆர்., ஆர்.ரி.எஸ். என்று தனிக் கம்பிகள் இல்லை. 'நான்காம் பின்னை உயர்த்து' என்பது ஒரு செய்தியாகப் போகிறது. அடாப்டரின் சில்லு அதை வாங்கி நிஜமான பின்னை உயர்த்த வேண்டும். அந்தப் பின்னிலிருந்து வெளியே வயர் இல்லாவிட்டால், மென்பொருள் தன் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. மூன்று கடைகளில் எத்தனை கடைக்காரர்கள் இந்த மாதிரி ஒரு கேபிளைக் குத்திப் பார்த்துவிட்டு 'செத்துப்போச்சு' என்று சொன்னார்களோ தெரியாது. அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. வருமானம் வராத இருபது வருடப் பழைய போனுக்கு யார் மீற்றர் எடுப்பார்கள்?

அண்ணையின் கடை மூலையில் ஒரு பழைய மேசைக் கணினி இருந்தது, பின்புறத்தில் அசல் சீரியல் வாசலோடு. அதைத் தூசுதட்டி விழிக்கவைக்கவே ஒரு மணித்தியாலம் போயிற்று. மென்பொருளை ஓடவிட்டபோது நான்காம் பின்னில் நேர் பதினொன்று, ஏழாம் பின்னில் மறை பதினொன்று. பிறகுதான் கேபிளின் மறுமுனையைப் போனில் வைத்தார்.

எஃப்-பஸ்ஸில் பேச்சு தொடங்கும் முறை எனக்குப் பிடித்திருந்தது. கணினி முதலில் 85 என்ற எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. 128 தடவை அனுப்புவது வழக்கம். அதில் தகவல் எதுவும் இல்லை. 85ஐ பிட்களாக எழுதி, தொடக்க பிட்டையும் நிறுத்த பிட்டையும் சேர்த்தால், பூச்சியம், ஒன்று, பூச்சியம், ஒன்று என்று சீராக மாறிமாறி வரும். கதவை ஒரே தாளத்தில் தட்டுவதுபோல. போனின் சீரியல் பகுதி அந்தத் தாளத்தில் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அதன் பிறகே உண்மையான செய்தி போகிறது: யாருக்கு, யாரிடமிருந்து, எவ்வளவு நீளம், முடிவில் சரிபார்க்கும் எண்.

மூன்றாவது முயற்சியில் பதில் வந்தது. திரையில் போனின் மாதிரி இலக்கமும் மென்பொருள் பதிப்பும் தெரிந்தன. அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன்.

உள்ளே இருந்தது

சிம்மில் எதுவும் இல்லை. போனின் சொந்த நினைவகத்தில் 41 குறுஞ்செய்திகள் இருந்தன. பாதிக்கு மேல் ரீலோட் அறிவித்தல்கள். ஒரு நண்பர் சைக்கிளைத் திருப்பித் தருவதாக மூன்று நாள் மூன்று காரணம் சொல்லியிருந்தார். யாரோ ஒரு ரியூசன் நேரம் மாறியதைச் சொல்லியிருந்தார்.

இப்படியான வேலையில் செய்தியைவிட அதன் நேரம் சில வேளைகளில் பெறுமதியானது. போனின் சொந்தக் கடிகாரத்தை நம்பமுடியாது. பற்றறியைக் கழற்றினால் அது தன் நினைவை இழந்துவிடக்கூடும். ஆனால் வந்த செய்தி ஒவ்வொன்றிலும் தொலைபேசி நிறுவனத்தின் செய்தி நிலையம் போட்ட நேரம் உள்ளே பதிந்திருக்கும். அனுப்பிய செய்திகளில் அது இராது. பதியும் விதமும் வேடிக்கை: ஒவ்வொரு ஈரிலக்கமும் தலைகீழாக, 2007இன் '07' என்பது '70' என்று இருக்கும். நேர வலயம் கால் மணித்தியாலக் கணக்கில் வரும். 22 என்றால் ஐந்தரை மணி. 2006 ஏப்ரலில்தான் இலங்கை மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. அதற்கு முந்திய செய்தியென்றால் அந்த இடத்தில் 24 இருக்க வேண்டும். மென்பொருள் இதையெல்லாம் தானே திருப்பிப் படித்துத் தரும். ஆனால் மூல எண்களையும் சேமித்து வைப்பது நல்லது.

கடைசிச் செய்தி 'வாசிக்கப்படாதது' என்ற குறியோடு இருந்தது. அந்தப் பின்னேரம் 5.42க்கு வந்தது. ஆங்கில எழுத்தில், தமிழில்: வரேக்கை பாண் வாங்கிக்கொண்டு வா.

அனுப்பியவர் அக்கா. அப்போது அவர் ரவுணில் ஒரு கடையில் வேலை. தம்பி போனை வீட்டில் விட்டுவிட்டுப் போனது அவருக்குத் தெரியாது. இப்படி ஒரு செய்தி அனுப்பியதே மறந்துபோயிருந்தது என்றார். அதைத் தாளில் அடித்துத் தரச் சொன்னார். நேரத்தோடு.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு போன் இருந்தால் சில விடயங்கள். பற்றறி வீங்கியிருந்தால் அதைச் சார்ஜ் செய்யவே வேண்டாம். கழற்றித் தனியே வையுங்கள். சிம்மை எறிய வேண்டாம். எண் காலாவதியானாலும் பல போன்கள் உள்ளே ஒரு சிம் இருந்தால்தான் முழுதாக விழிக்கும். வழக்கொன்றில் அல்லது முறைப்பாட்டில் அந்தப் போன் சான்றாக வரக்கூடும் என்றால், யாரிடமும் திறக்கக் கொடுக்கும் முன் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். யார், எப்போது, எந்தக் கேபிளால் படித்தார் என்று எழுதி வையுங்கள். 'எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கித் தருகிறேன்' என்று சொல்லும் கடையிலிருந்து உடனே எழுந்து வாருங்கள்.

கேபிளைச் சோதிப்பதற்கு மீற்றர் ஒன்று போதும். கறுப்பு ஐந்தில். கணினி சும்மா இருக்கும்போது மூன்றில் மறை வோல்ற் வரவேண்டும். மென்பொருள் ஓடும்போது நான்கிலும் ஏழிலும் ஏதாவது வரவேண்டும். பூச்சியம் என்றால் வயரே இல்லை. இரண்டையும் மூன்றையும் ஒரு சிறு வயரால் இணைத்துவிட்டுத் தட்டச்சுச் செய்தால், அடித்த எழுத்து திரும்பி வரவேண்டும். இது கணினியும் அடாப்டரும் சரி என்பதற்கு அத்தாட்சி. ஆனால் மீதி ஆறு கம்பிகளைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லாது. என்னுடைய மூன்று வயர் அடாப்டரும் இதில் முழுப் புள்ளி வாங்கியிருக்கும்.

போன் மட்டுமல்ல. தராசு, பில் இயந்திரம், ஆஸ்பத்திரி ஆய்வுகூடக் கருவி, ஜி.பி.எஸ். தொகுதி, வீட்டு ரவுட்டரின் உட்பலகை என்று இன்னும் பல இடங்களில் இந்தப் பழைய முறை ஓடிக்கொண்டிருக்கிறது. மாணவர்கள் பயன்படுத்தும் ஆர்டுயினோ பலகையில் புது நிரலை ஏற்றும்போது அது தானாக மீளத் தொடங்குவதும் டி.ரி.ஆர். கம்பியால்தான். அங்கும் அந்தக் கம்பி வராத அடாப்டர் என்றால், சரியான கணத்தில் கையால் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

போன் மீண்டும் பேணிக்குள் போய்விட்டது, பற்றறி தனியாக. அந்த அடாப்டரை நான் எறியப்போனேன், அண்ணை விடவில்லை. அவருடைய வாடிக்கையாளர் ஒருவரின் தராசுக்கு இரண்டு, மூன்று, ஐந்து போதுமாம். வெள்ளை நாடா ஒன்றை ஒட்டி, 'மூண்டு வயர்தான்' என்று எழுதி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார்.